தோட்டாவின் நீளமும் விளிம்பின் பிடியும்

கோயில் திருவிழாக்களில் அதிர்வேட்டு போடுவதைக் கேட்டிருப்பீர்கள். ஊரே அதிரும்படி ஒலிக்கும் அந்த வேட்டுக்குள் இருப்பது கரிமருந்து. திறந்த வெளியில் பரப்பிய கரிமருந்தில் தீப்பட்டால் அது 'புஸ்' என்று புகையைக் கக்கி எரிந்து அடங்கிவிடும். வேட்டுக் குழாயில் இட்டு மேலே கெட்டித்து அடைத்த பிறகே அது இடிபோல் முழங்குகிறது.

மருந்து ஒன்றுதான். வேறுபாடு இரண்டு செய்திகளில் அடங்கியிருக்கிறது. எரியும்போது உண்டாகும் வாயுவுக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பது ஒன்று. அந்த வாயுவை எவ்வளவு நேரம், எவ்வளவு பலமாகத் தடுத்து வைக்கிறோம் என்பது மற்றொன்று. முதலாவதை இடம் என்றும் இரண்டாவதைப் பிடி என்றும் அழைப்போம். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத கைத்துப்பாக்கித் தோட்டா ஒன்றில் இவ்விரண்டும் எப்படி மில்லிமீட்டர் கணக்கில் ஆட்சி செய்கின்றன என்பதைப் பார்ப்போம்.

திருவண்ணாமலைப் போர்க்களத்தில்

1767ஆம் ஆண்டு செப்டம்பரில் திருவண்ணாமலைக்கு அருகே ஒரு பெரும் போர் நடந்தது. ஒரு பக்கம் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் தலைமையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை. எதிர்ப்பக்கம் மைசூரின் ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் சேர்ந்து திரட்டிய படை. முதலாம் மைசூர்ப் போரின் முக்கியமான கட்டம் இது.

அந்நாளைய கம்பெனிச் சிப்பாயின் தோட்டா வெறும் காகிதப் பொட்டலம். அதில் அளந்த கரிமருந்தும் ஓர் ஈயக் குண்டும் இருக்கும். சிப்பாய் அதைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலின் வாய் வழியாகக் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் போட்டு, நீண்ட இரும்புக் கோலால் அடிவரை இடித்து இறக்குவான். அதாவது, ஒவ்வொரு சிப்பாயும் போர்க்களத்தில் நின்றபடியே தன் கையால் இடத்தையும் பிடியையும் அமைத்துக்கொண்டான்.

கோல் அடிவரை சென்றதா என்பது உயிர்ப் பிரச்சினை. குண்டு நடுவழியில் நின்றுவிட்டால், மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வெற்றிடம் ஏற்படும். விரைந்து வரும் வாயு வழியை அடைத்து நிற்கும் குண்டின் மேல் மோதி, அந்த இடத்தில் குழலைப் புடைக்கச் செய்யும். சில வேளைகளில் பிளந்துவிடும்.

இன்றைய தோட்டாவில் இந்த வேலையைச் சிப்பாய் செய்வதில்லை. தொழிற்சாலை முன்கூட்டியே செய்து கொடுக்கிறது. அமெரிக்கா போன்ற சில நாடுகளில் குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்காரர்கள் சுட்டு முடிந்த வெறும் கூடுகளைச் சேகரித்து, சிறு அழுத்து இயந்திரத்தின் உதவியால் தாங்களே மறுபடியும் நிரப்பிக்கொள்கிறார்கள். அவர்களும் சரி, தொழிற்சாலையும் சரி, இறுதியில் எதிர்கொள்ளும் கேள்விகள் இரண்டுதான். தோட்டாவின் முழு நீளம் எவ்வளவு இருக்கவேண்டும்? கூட்டின் விளிம்பு குண்டை எவ்வளவு இறுகப் பிடிக்கவேண்டும்?

தோட்டாவின் நான்கு பகுதிகள்

தோட்டாவில் நான்கு பகுதிகள் உண்டு. பித்தளையால் ஆன கூடு. அதன் அடியில் சிறு கிண்ணம் போல் பொருத்தப்பட்ட தீமூட்டி. கூட்டினுள் இடப்பட்ட மருந்து. கூட்டின் வாயில் மூடி போல் செருகப்பட்ட குண்டு. துப்பாக்கியின் ஊசி தீமூட்டியைத் தாக்கினால் பொறி உண்டாகி மருந்து பற்றிக்கொள்கிறது. வாயு பெருகிக் குண்டை முன்னால் தள்ளுகிறது. இவ்வளவும் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள நேரத்திற்குள் நடந்துவிடுகிறது.

உலகெங்கும் காவல் துறையினரும் இராணுவத்தினரும் பயன்படுத்தும் 9 மி.மீ. தோட்டாவை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஜார்ஜ் லூகர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை வடிவமைத்தார். சி.ஐ.பி. என்னும் பன்னாட்டு நிலைக்குழு இதற்கு விதித்துள்ள அளவுகளைப் பாருங்கள். கூட்டின் நீளம் 19.15 மி.மீ. அடியிலிருந்து குண்டின் முனை வரை தோட்டாவின் முழு நீளம் 29.69 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. உள்ளே எழும் உச்ச அழுத்தத்தின் எல்லை 235 மெகாபாஸ்கல். இது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 2,300 மடங்கு. நம் வீட்டுக் குக்கரின் உள்ளே இருப்பது இரண்டு மடங்கு அளவே.

இந்த அழுத்தம் குண்டின் அடிப்பாகத்தில் எவ்வளவு விசையைத் தரும்? 9 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 64 சதுர மி.மீ. இதை 235 மெகாபாஸ்கலால் பெருக்கினால் ஏறத்தாழ 15,000 நியூட்டன் வருகிறது. 100 கிலோ நெல் மூட்டைகள் பதினைந்தை ஒரு விரல் நுனியின் மேல் அடுக்கினால் எவ்வளவு பாரமோ அவ்வளவு. இத்தனை விசையைத் தாங்கும்படி செய்யப்பட்ட குழலுக்கும் ஓர் எல்லை உண்டு அல்லவா? நீளமும் பிடியும் தவறினால் அந்த எல்லை தாண்டப்படும்.

ஒரு மில்லிமீட்டர் உள்ளே போனால்

தோட்டாவின் முழு நீளம் என்பது வெளியே தெரியும் அளவு. இயற்பியல் நோக்கில் முக்கியமானது அது மறைத்து வைத்திருக்கும் வேறோர் அளவு. குண்டுக்குக் கீழே மிஞ்சியிருக்கும் அறையின் கன அளவு. குண்டு உள்ளே இறங்க இறங்க முழு நீளம் குறையும், அறையும் சிறுக்கும்.

கணக்குக்காக, 9 மி.மீ. தோட்டாவில் குண்டுக்குக் கீழே உள்ள அறை 500 கன மி.மீ. என்று கொள்வோம். உண்மை அளவும் இதை ஒட்டியதே. குண்டு 1 மி.மீ. உள்ளே தள்ளப்பட்டால் 64 கன மி.மீ. இடம் பறிபோகிறது. மிஞ்சுவது 436. பாயில் விதியை மட்டும் கொண்டு பார்த்தாலே, அதே அளவு வாயு இந்தச் சிறிய அறையில் ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுதல் அழுத்தம் தரும்.

ஆனால் உண்மையில் உயர்வு இதோடு நிற்பதில்லை. மருந்துத் துகள் எரியும் வேகம் அதைச் சூழ்ந்த அழுத்தத்தைப் பொறுத்தது. அழுத்தம் கூடினால் சுடுவாயு துகளின் மேற்பரப்பை நெருங்கி அதிக வெப்பத்தை ஊட்டுகிறது. துகள் விரைவாக எரிகிறது. விரைவாக எரிவதால் வாயு கூடுகிறது. வாயு கூடுவதால் அழுத்தம் மேலும் உயர்கிறது. புகையற்ற மருந்தை 1884இல் உருவாக்கிய பிரெஞ்சு அறிஞர் பால் வியேல் இந்த உறவை ஆராய்ந்து விதியாக எழுதினார். பழைய கரிமருந்தில் இந்த விளைவு குறைவு. புகையற்ற மருந்தில் அதிகம். ஆகவேதான் சிப்பாயின் கைப்பக்குவம் போதுமானதாக இருந்த காலம் போய், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை அளக்கும் காலம் வந்தது.

இதற்கு எதிராகச் செயல்படுவது குண்டின் நகர்ச்சி. குண்டு முன்னேற முன்னேற அறை விரிவடைகிறது, அழுத்தம் தணிகிறது. ஆகவே தோட்டாவினுள் ஓர் ஓட்டப் பந்தயமே நடக்கிறது எனலாம். ஒருபுறம் வாயு பெருகுகிறது. மறுபுறம் அறை விரிகிறது. தொடக்கத்தில் அறை சிறிதாக இருந்தால், குண்டு நகர்ந்து இடம் கொடுப்பதற்குள் வாயு முந்திக்கொள்கிறது.

பெரிய துப்பாக்கிகளில் இந்தக் கவலை சற்றுக் குறைவு. .303 ரைஃபிள் தோட்டாவின் கூட்டுக் கொள்ளளவு சுமார் 3.5 கன செ.மீ. அதில் 1 மி.மீ. பிழை நேர்ந்தால் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இடம் குறையாது. கைத்துப்பாக்கித் தோட்டாவிலோ எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. சிறிய பாத்திரத்தில் சிறிய பிழையும் பெரிய பிழையாகிவிடுகிறது.

நீளம் அதிகமானால் நல்லதா?

அப்படியானால் குண்டை நன்றாக வெளியே விட்டு, நீளமாகவே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அதற்கும் தடைகள் உண்டு. முதலாவது, தோட்டா துப்பாக்கியின் கைப்பிடியில் உள்ள பெட்டிக்குள் அடங்கவேண்டும். இரண்டாவது, குழலின் உட்புறத்தில் குண்டைச் சுழற்றுவதற்காகச் சுருள் வரிகள் வெட்டப்பட்டிருக்கும். நீளம் மிகுந்தால் குண்டின் தோள் சுடுவதற்கு முன்பே அந்த வரிகளில் இடித்துக்கொண்டு நிற்கும். வழக்கமாகக் குண்டு சிறிது தூரம் தடையின்றி ஓடி, பிறகே வரிகளில் நுழையும். அந்த ஓட்டத்தின்போது அறை விரிவடைகிறது. ஓட்டமே இல்லாமல் போனால், தொடக்கத்திலேயே பெருந்தடை ஏற்பட்டு அழுத்தம் உயர்கிறது. ஆக, நீளத்திற்கு மேல் எல்லையும் உண்டு; கீழ் எல்லையும் உண்டு.

நீளத்தை மட்டும் தெரிந்துகொண்டால் போதுமா? போதாது. 8 கிராம் நிறையுள்ள இரண்டு குண்டுகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று முழுவதும் ஈயம். மற்றொன்று முழுவதும் செம்பு. ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பின் அடர்த்தி 8.9. ஈயக் குண்டின் கன அளவு 0.71 கன செ.மீ.; செப்புக் குண்டின் கன அளவு 0.90 கன செ.மீ. இரண்டின் விட்டமும் ஒன்றே என்பதால், செப்புக் குண்டு ஏறத்தாழ 3 மி.மீ. கூடுதல் நீளமாக இருக்கும். தோட்டாவின் முழு நீளம் ஒன்றாகவே இருக்குமாறு இரண்டையும் செருகினால், அந்த 3 மி.மீ.யும் கூட்டுக்குள்தான் போகும். வெளியே அளவுகோல் ஒரே எண்ணைக் காட்டும். உள்ளே அறையோ பெரிதும் சுருங்கியிருக்கும். ஒரு குண்டுக்குச் சோதித்து எழுதிய அளவை வேறொரு குண்டுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

பிடி எதற்காக?

சோடா பாட்டிலின் தகர மூடியைப் பாருங்கள். அதன் விளிம்பு பாட்டிலின் கழுத்தைச் சுற்றிப் பற்கள் போல் நெரிக்கப்பட்டிருக்கிறது. தோட்டாக் கூட்டின் வாயையும் குண்டைச் சுற்றி இதுபோல் சற்று உள்நோக்கி நெரிப்பார்கள். தொழிலில் இதைக் கிரிம்ப் என்பர். நாம் விளிம்பு நெரிப்பு என்போம். இதன் தேவை துப்பாக்கியின் வகைக்கேற்ப மாறுகிறது.

முதலில் ரிவால்வர். இதன் உருளையில் ஐந்தாறு தோட்டாக்கள் இருக்கும். ஒன்று வெடிக்கும்போது மற்றவற்றுக்கு என்ன நேரும்? 1 கி.கி. நிறையுள்ள ரிவால்வரிலிருந்து 10 கிராம் குண்டு வினாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் கிளம்புவதாகக் கொள்வோம். உந்த அழிவின்மை விதிப்படி ரிவால்வர் வினாடிக்கு 2.5 மீட்டர் வேகத்தில் பின்னோக்கி உதைக்கும். இந்த வேகத்தை அது ஆயிரத்தில் ஒரு வினாடியில் பெற்றால் முடுக்கம் 2,500 மீட்டர்/வினாடி². புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 250 மடங்கு.

நின்றிருந்த பேருந்து திடீரென்று கிளம்பினால் நிற்கும் பயணி பின்னால் சாய்கிறார். கோடரிக் காம்பைத் தரையில் தட்டினால் காம்பு நின்றுவிட, கோடரித் தலை மட்டும் இறங்கி இறுகுகிறது. இரண்டும் நிலைமத்தின் வேலை. ரிவால்வரிலும் அதுவே. உருளையில் காத்திருக்கும் தோட்டாவின் கூடு துப்பாக்கியோடு பின்னால் இழுக்கப்படுகிறது. குண்டோ இருந்த இடத்திலேயே இருக்க முயல்கிறது. அந்த 10 கிராம் குண்டைக் கூட்டிலிருந்து பிடுங்க முயலும் விசை 25 நியூட்டன். இரண்டரை கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்டது போன்ற இழுப்பு. பிடி தளர்வாக இருந்தால் ஒவ்வோர் உதைப்புக்கும் குண்டு சிறிது சிறிதாக வெளியே வரும். உருளையின் முகத்தைத் தாண்டி அது நீட்டிக்கொண்டால் உருளை சுழலாது, துப்பாக்கி பூட்டிக்கொள்ளும். ஆகவே ரிவால்வர்த் தோட்டாவில் குண்டைச் சுற்றி ஒரு பள்ளம் வெட்டி, கூட்டின் விளிம்பை அந்தப் பள்ளத்திற்குள் சுருட்டி விடுவார்கள்.

அடுத்தது தானாக நிரப்பிக்கொள்ளும் பிஸ்டல். இங்கே ஆபத்து எதிர்த்திசையில் வருகிறது. பெட்டியிலிருந்து மேலே வரும் தோட்டாவைப் பின்பகுதி வேகமாக முன்னால் தள்ளுகிறது. குண்டின் மூக்கு குழல் வாயின் சரிவில் மோதுகிறது. பிடி தளர்வாக இருந்தால் குண்டு கூட்டுக்குள் அமுங்கிவிடும். அறை சிறுத்தால் என்ன நேரும் என்பதை முன்பே கண்டோம். காவல் பணியில் இருப்போர் ஒரே தோட்டாவைத் தினமும் குழலில் ஏற்றி இறக்குவது உண்டு. இத்தகைய தோட்டாவின் நீளம் நாளடைவில் குறையக்கூடும். ஆகவே ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றாமல் மாற்றி வைப்பதும், நீளம் குறைந்ததை ஒதுக்கிவிடுவதும் நல்ல பழக்கம்.

அப்படியானால் பிஸ்டல் தோட்டாவின் விளிம்பையும் ரிவால்வர்த் தோட்டாவைப் போல் நன்றாகச் சுருட்டிவிடலாமா? கூடாது. ரிவால்வர்த் தோட்டாவின் அடியில் வெளியே நீட்டிய விளிம்பு உண்டு. அது உருளையின் ஓரத்தில் தங்கி நிற்கும். 9 மி.மீ. தோட்டாவில் அவ்வாறு நீட்டிய விளிம்பு இல்லை. கூட்டின் வாய் விளிம்பே குழல் அறையில் உள்ள சிறு படியில் மோதி நின்று, தோட்டாவை உரிய இடத்தில் நிறுத்துகிறது. அந்த வாயைச் சுருட்டிவிட்டால் நிற்பதற்கு விளிம்பு ஏது? தோட்டா அளவுக்கு மீறி உள்ளே அமிழ்ந்துவிடும். ஊசி தீமூட்டியைச் சரியாகத் தாக்காமல் போகலாம். ஆகவே இதில் வாயைச் சுருட்டாமல், சற்றுச் சரிவாக உள்நோக்கி ஒடுக்குவதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

மிகை இறுக்கம் தளர்ச்சியாகும் விந்தை

இறுக்கிப் பிடிப்பதே நோக்கம் என்றால், இன்னும் பலமாக நெரிக்கலாமே? இங்கேதான் வியப்பான ஒன்று நிகழ்கிறது.

குண்டைப் பிடித்து நிற்பதில் பெரும் பங்கு விளிம்பு நெரிப்புக்கு உரியதன்று. கூட்டின் சுவருக்கே உரியது. கூட்டின் உள்விட்டம் குண்டின் விட்டத்தைவிடச் சிறிதளவு குறைவாக இருக்கும். குண்டைச் செருகும்போது பித்தளை சற்று விரிந்து, தன் மீட்சித் தன்மையால் குண்டை இறுக அணைத்துக்கொள்கிறது. இப்போது பள்ளம் இல்லாத ஈயக் குண்டின் மேல் விளிம்பை அளவுக்கு மீறி நெரிப்பதாகக் கொள்வோம். பித்தளையும் ஈயமும் சேர்ந்து நசுங்கும். கருவியை எடுத்தவுடன் பித்தளை மீள் தன்மையுள்ளதால் சிறிது விரிந்து திரும்பும். ஈயம் மீள் எல்லையைத் தாண்டி விட்டதால் நசுங்கியபடியே இருக்கும். விளைவு? இரண்டுக்கும் நடுவே இருந்த அணைப்புத் தளர்ந்துவிடுகிறது. இறுக்கப்போய் இளகியதுதான் மிச்சம்.

பிடிக்கு வேறொரு பயனும் உண்டு. மருந்து முழுவதும் சீராகப் பற்றிக்கொள்ளத் தொடக்கத்தில் ஓரளவு அழுத்தம் தேவை. பிடி மிகத் தளர்ந்தால், தீமூட்டியின் பொறி பட்டவுடனேயே குண்டு நகர்ந்துவிட, மருந்து அரைகுறையாக எரியும். ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு வேகத்தில் செல்லும். ஆகவே பிடியிலும் மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டும் உண்டு.

அருவங்காட்டு மருந்து

ஊட்டி மலை ரயிலில் சென்றவர்கள் குன்னூரைத் தாண்டியதும் அருவங்காடு நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். இங்கே 1903இல் நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலை இன்றும் இயங்குகிறது. 2021 அக்டோபர் 1 முதல் இது மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட் என்னும் அரசு நிறுவனத்தைச் சேர்ந்தது. கார்டைட் என்பது பிரடெரிக் ஏபெல், ஜேம்ஸ் டூவர் என்ற இரு அறிஞர்கள் 1889இல் உருவாக்கிய புகையற்ற மருந்து. சேமியா போல் நூல் நூலாகப் பிழியப்பட்டதால் இப்பெயர் பெற்றது.

.303 தோட்டாவின் கழுத்து ஒடுங்கியது. அதன் வழியே கார்டைட் நூற்கட்டைச் செருகுவது கடினம். ஆகவே கூடு நேர்க்குழாயாக இருக்கும்போதே நூற்கட்டை உள்ளே வைத்து, பிறகே கழுத்தை ஒடுக்கிக் குண்டைச் செருகினார்கள். மருந்தின் வடிவமும் அறையின் வடிவமும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதற்கு இது நல்ல சான்று.

செய்து பாருங்கள்

மருந்து எதுவும் இன்றி இந்தத் தத்துவத்தை உணர ஒரு வழி உண்டு. ஊசி பொருத்தாத 10 மி.லி. பிளாஸ்டிக் சிரிஞ்சு ஒன்றை எடுங்கள். தண்டை 10 வரை இழுத்து, முனையை விரலால் இறுக மூடி, 8 வரை அழுத்துங்கள். எளிதாக இருக்கும். அழுத்தம் கால் பங்குதான் உயர்ந்தது. இப்போது 4இல் தொடங்கி, முனையை மூடி, 2 வரை அழுத்த முயலுங்கள். குறைத்த இடம் அதே 2 மி.லி. ஆனால் அழுத்தம் இருமடங்கு. கை வலிக்கும். சிறிய அறையில் சிறிய நகர்ச்சி என்ன செய்யும் என்பதை உங்கள் விரலே சொல்லிவிடும்.

தோட்டாவையோ பட்டாசு மருந்தையோ பிரித்துப் பார்க்கும் எண்ணம் யாருக்கும் வேண்டாம். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இன்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். சட்டத்திற்கு அப்பாலும் காரணம் இருக்கிறது. இறுக்கமாகக் கட்டினால் நல்லது என்றும், சற்று முன்பின் இருந்தால் பரவாயில்லை என்றும் நம் மனம் எளிதாக நினைத்துவிடும். மேலே கண்ட கணக்குகள் இரண்டுமே தவறு என்று காட்டுகின்றன. மிகுந்தாலும் கேடு, குறைந்தாலும் கேடு. எவ்வளவு என்பதைக் கண்ணும் கையும் சொல்லா. அளவுகருவியும் சோதனையும்தான் சொல்லும். கட்கி போன்ற தோட்டாத் தொழிற்சாலைகளில் அளவிலும் அழுத்தத்திலும் இடைவிடாது சோதனை நடப்பது இதனால்தான்.